காலி இருக்கையை யார் கவனிப்பது? பள்ளி வருகையும் மாணவர் நலனும்: ஓர் எளிய விளக்கம்

பிள்ளைகள் பள்ளிக்கு ஒழுங்காக வருவதில்லை என்று பேச்சு எழுந்தால் இரண்டு பதில்கள் தயாராக வந்து நிற்கும். “வாத்தியார் கண்டிப்பாக இருந்தால் தானாக வரும்” என்பது ஒன்று. “பெற்றோருக்கே அக்கறை இல்லாதபோது பள்ளி என்ன செய்யும்” என்பது மற்றொன்று. அந்தப் பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்பதற்கு முன்பே இரண்டும் தீர்ப்பு எழுதிவிடுகின்றன.

ஒரு பிள்ளை வராததை முதலில் கவனிப்பவர் ஒருவர். வீட்டுக்குப் பேசுபவர் வேறொருவர். காரணத்தை அறிபவர், அதைச் சரிசெய்பவர், திரும்பி வரும்போது வகுப்பில் சேர்த்துக்கொள்பவர் என்று ஒரு பள்ளிக்குள்ளேயே இந்த வேலை பல கைகள் மாறுகிறது. எந்தக் கைக்கு என்ன வேலை என்பது பெற்றோருக்கு மட்டுமல்ல, பல நேரம் பள்ளியில் இருப்பவர்களுக்கே தெளிவாகத் தெரிவதில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

## ஒரு நாள் போனால் என்ன போகிறது?

மாடிப்படியில் ஒரு படி உடைந்திருந்தால் காலை எட்டி வைத்து ஏறிவிடலாம். அடுத்தடுத்து மூன்று படிகள் இல்லையென்றால் கீழேயே நிற்க வேண்டியதுதான். பாடமும் அப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கிறது.

பின்னக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். திங்களன்று ஒரே பகுதி உள்ள பின்னங்களைக் கூட்டச் சொல்லித்தருகிறார்கள். தொகுதியைக் கூட்டினால் போதும், சுலபம். செவ்வாயன்று பகுதிகள் வேறுவேறாக வருகின்றன. மீச்சிறு பொது மடங்கு கண்டுபிடித்துப் பகுதிகளைச் சமமாக்க வேண்டும். புதன்கிழமை பயிற்சிக் கணக்கு. செவ்வாய் மட்டும் வராத பிள்ளை புதனன்று அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதுகிறது. தொகுதியோடு தொகுதி, பகுதியோடு பகுதி. அதற்குத் தெரிந்ததை வைத்துச் சரியாகத்தான் செய்திருக்கிறது. நோட்டில் சிவப்பு மையில் பெருக்கல் குறி விழுகிறது.

பெரும்பாலான பிள்ளைகள் “நேற்று நான் வரவில்லை, புரியவில்லை” என்று எழுந்து நின்று சொல்லாது. அடுத்த கணக்குப் பாடவேளைக்கு முன்னால் வயிற்றைப் பிசையும். ஒரு நாள் வராததால் பாடம் புரியாமல் போகிறது, புரியாததால் பயம் வருகிறது, பயத்தால் மறுபடி வராமல் போகிறது. இந்தச் சுழல் ஒரு சுற்று முடிந்து இரண்டாவது சுற்றுக்குள் நுழையும்போது, முதல் நாள் வராமல் போனதற்கு என்ன காரணம் என்பதே மறந்துபோயிருக்கும்.

நட்பும் அப்படியே. ஒரு வாரம் கழித்து வரும் பிள்ளை பார்க்கையில், இடைவேளையில் யார் யாருடன் உட்கார்வது என்பது மாறியிருக்கும்.

## சராசரி மறைத்துவிடும் பிள்ளை

“எங்கள் வகுப்பின் வருகை 94 விழுக்காடு” என்று சொன்னால் நன்றாக இருப்பதாகத் தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வகுப்பில் 40 பேர், ஆண்டுக்கு 200 பள்ளி நாட்கள். எல்லோரும் எல்லா நாளும் வந்தால் பதிவேட்டில் 8,000 வருகைக் குறிகள் இருக்கும். 94 விழுக்காடு என்றால் அதில் 480 குறிகள் குறைகின்றன.

முதல் வகுப்பில் 40 பேரும் ஆளுக்கு 12 நாள் வரவில்லை. மொத்தம் 480. காய்ச்சல், குடும்ப விசேஷம் என்று எல்லோருக்கும் பரவலாக நடப்பதுதான்.

இரண்டாவது வகுப்பில் 32 பேர் ஆளுக்கு 5 நாள் மட்டுமே வரவில்லை, அது 160. மீதி 8 பேர் ஆளுக்கு 40 நாள் வரவில்லை, அது 320. இதுவும் மொத்தம் 480 தான், அதே 94 விழுக்காடுதான். ஆனால் இங்கே எட்டுப் பிள்ளைகள் ஐந்தில் ஒரு நாளை இழந்திருக்கிறார்கள். தலைமை ஆசிரியரின் மேசைக்குப் போகும் தாளில் இந்த இரண்டு வகுப்புகளும் ஒன்றுபோலவே தெரியும்.

ஆகவே வகுப்பின் சராசரியைப் பார்ப்பதோடு நில்லாமல் ஒவ்வொரு பிள்ளையின் எண்ணையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு சொல் இருக்கிறது: நாட்பட்ட வராமை. பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ ஒரு பிள்ளை இழந்தால் அப்படிச் சொல்கிறார்கள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இந்த 10 விழுக்காட்டையே எல்லையாக வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் பாதி நாட்களையோ அதற்கு மேலோ இழக்கும் பிள்ளைகளைத் தனியாகவும் கணக்கெடுக்கிறார்கள்.

பத்து விழுக்காடு எவ்வளவு என்று மனத்தில் பதிய வேண்டுமானால், மாதத்துக்கு இரண்டு நாள். பத்து மாதத்தில் இருபது நாள். மாதம் இரண்டு நாள் லீவு என்றால் எந்த வீட்டிலும் பெரிதாகத் தெரியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். லீவு லெட்டர் கொடுத்தால் அது கணக்கில் சேராது என்று பலர் நினைக்கிறார்கள். மன்னிப்புப் பெறவும் தண்டனையைத் தவிர்க்கவும் லெட்டர் உதவலாம். செவ்வாயன்று நடந்த மீச்சிறு பொது மடங்கை லெட்டர் திருப்பிக் கொண்டுவராது. எனவே நாட்பட்ட வராமையைக் கணக்கிடும்போது அனுமதி பெற்ற விடுப்பும் சேர்த்தே எண்ணப்படுகிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: இழந்த நாட்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து சுழலாக மாறுகின்றன. வகுப்புச் சராசரி அதைக் காட்டாது. காரணம் எதுவாக இருந்தாலும், மாதம் இரண்டு நாள் என்பது கவனிக்க வேண்டிய அளவு.

## எல்லா வராமையும் ஒன்றல்ல

வராத பிள்ளைகள் எல்லோரையும் “மட்டம் போடுகிறவர்கள்” என்று ஒரே மூட்டையில் கட்டுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் பெரிய தவறு. இந்தத் துறையில் ஆய்வு செய்பவர்கள் நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். பிரித்தறிய ஒரு சுலபமான கேள்வி இருக்கிறது: பிள்ளை வராதது வீட்டுக்குத் தெரியுமா?

வீட்டில் பள்ளி என்று சொல்லிவிட்டு வேறெங்கோ போனால் அதுதான் மட்டம் போடுதல். வீட்டுக்குத் தெரியாது. பிள்ளை வீட்டிலேயே இருக்கிறது, அனுப்பப் பெற்றோர் படாத பாடு படுகிறார்கள், சீருடை போடும்போதே அழுகையும் வாந்தியும் வருகிறது என்றால் அது பள்ளி மறுப்பு. இங்கே பிள்ளையை ஆட்டிவைப்பது பயம். மூன்றாவது, வீட்டாரே தங்கள் தேவைக்காகப் பிள்ளையை நிறுத்திவைப்பது: தம்பியைப் பார்த்துக்கொள்ள, வேலைக்கு உதவ, நோயாளிக்குத் துணையிருக்க. நான்காவதைப் பள்ளிகள் ஒப்புக்கொள்ளத் தயங்கும். பள்ளியே பிள்ளையை வெளியே தள்ளுவது. இடைநீக்கம் மட்டும் இதில் சேர்த்தி என்று நினைக்க வேண்டாம். “இவனை வைத்துச் சமாளிக்க முடியவில்லை, இன்று கூட்டிக்கொண்டு போங்கள்” என்று வாரம் ஒருமுறை வாய்மொழியாகச் சொல்லி அனுப்புவதும் இதுதான்.

முதல் வகைக்குப் பலன் தரக்கூடிய கண்டிப்பு இரண்டாவது வகையில் பயத்தைக் கூட்டும். மூன்றாவது வகையில் பிள்ளையைக் கண்டிப்பதில் அர்த்தமே இல்லை. முடிவு அதன் கையில் இல்லை. வகை தெரியாமல் மருந்து கொடுக்கக் கூடாது.

## எந்தக் கைக்கு என்ன வேலை?

பதவிகளின் பெயர்கள் நாட்டுக்கு நாடு மாறும். சிறிய பள்ளியில் ஒருவரே மூன்று வேலையும் பார்ப்பார். பெயர் எதுவாக இருந்தாலும் வேலைகள் இவைதான்.

வகுப்பாசிரியர் பதிவேட்டில் குறி போடுபவர் மட்டுமல்ல, அதைப் படிப்பவரும் அவர்தான். பதிவேட்டைக் கிடைமட்டமாகப் பார்ப்பதும் செங்குத்தாகப் பார்ப்பதும் வேறு. செங்குத்தாகப் பார்த்தால் இன்று எத்தனை பேர் வரவில்லை என்று தெரியும். கிடைமட்டமாக ஒரு பெயரின் வரிசையில் விரலை நகர்த்திக்கொண்டே போனால் ஒரு கதை தெரியும். ஒரு பிள்ளைக்கு எல்லா வியாழனும் காலி. வியாழனன்று என்ன இருக்கிறது? விளையாட்டுப் பாடவேளையா, வாய்விட்டு வாசிக்கச் சொல்லும் மொழிப்பாடமா? இன்னொரு பிள்ளைக்கு நீண்ட விடுமுறையை ஒட்டிய நாட்கள் மட்டும் காலி. வேறொன்று தினமும் வருகிறது, ஆனால் முதல் பாடவேளை முடிந்த பிறகு. மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஒதுக்கி இப்படி விரல் வைத்துப் படிக்கும் ஆசிரியருக்குத் தெரிவது வேறு யாருக்கும் தெரியாது.

அலுவலகத்தில் இருப்பவரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்று காலையே பேசுவது பெரும்பாலும் அவர்தான். இதை முதல்நாள் அழைப்பு என்று சொல்லலாம். இதற்கு இரண்டு நோக்கம் உண்டு. முதலாவது பாதுகாப்பு. வீட்டிலிருந்து கிளம்பிவிட்டது, பள்ளிக்கு வந்துசேரவில்லை என்றால் உடனே தேட வேண்டும்; மாலையில் தெரிந்தால் காலம் கடந்துவிடும். இரண்டாவது உறவு. “ஏன் பையனை அனுப்பல?” என்று ஆரம்பித்தால் மறுமுனையில் ஒரு பொய் தயாராகிவிடும். “அம்மா, ஸ்கூல்ல இருந்து பேசுறேன். தம்பியை இன்னைக்குக் காணோமே, நல்லா இருக்கானா?” என்று ஆரம்பித்தால் பல நேரம் உண்மை வரும். “காய்ச்சல் எல்லாம் இல்லைங்க... ரெண்டு நாளா போக மாட்டேன்னு அழுவுறான்” என்று அந்த அம்மா சொன்னால், இவர் கையில் இருப்பது இனி விடுப்புத் தகவல் அல்ல. அதைப் பதிவேட்டில் “உடல்நலக்குறைவு” என்று எழுதி மூடிவிடாமல் வகுப்பாசிரியரிடம் அதே வார்த்தைகளில் சேர்ப்பதுதான் அவருடைய அரிய பணி.

வருகை அலுவலர் அல்லது கல்வி நல அலுவலர் என்பவர் பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே நடப்பவர். இது பழைய வேலை. இங்கிலாந்தில் 1870-ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு பள்ளி வாரியங்கள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கணக்கெடுக்கப் பார்வையாளர்களை நியமித்தன. பிள்ளை பிடிப்பவர்கள் போலத்தான் அவர்கள் அனுப்பப்பட்டார்கள். ஆனால் படியேறிப் போனவர்கள் எல்லாவற்றையும் பார்த்தார்கள். சமூக ஆய்வாளர் சார்லஸ் பூத் 1886-இல் லண்டன் நகர வறுமையை ஆராயத் தொடங்கியபோது, எந்தத் தெருவில் எந்தக் குடும்பம் எப்படி வாழ்கிறது என்று இந்தப் பார்வையாளர்களிடம்தான் உட்கார்ந்து கேட்டு எழுதினார். பள்ளிக்கு வராத பிள்ளையைத் தேடிப் போனவர்களுக்கே ஒரு நகரத்தின் வறுமை வீடு வாரியாகத் தெரிந்திருந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதன் மதிப்பு இன்றும் அதுவே.

செவிலியரும் ஆலோசகரும் உடம்பையும் மனத்தையும் பார்ப்பவர்கள். பள்ளி மறுப்பில் இவர்களுடைய பங்கு பெரியது, ஏனென்றால் அது உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பது சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. காலையில் பிள்ளைக்கு நெஞ்சு படபடக்கிறது, வயிறு உண்மையாகவே வலிக்கிறது. நடிப்பில்லை. “சரி, இன்று போக வேண்டாம்” என்று அம்மா சொன்ன ஐந்து நிமிடத்தில் வலி போய்விடுகிறது. அந்த நிம்மதிதான் பாடம் நடத்துகிறது: வீட்டில் இருந்தால் பயம் போகும் என்று. அடுத்த நாள் பயம் கொஞ்சம் கூடுதலாக வரும், ஏனென்றால் அதைப் போக்கும் வழி தெரிந்துவிட்டது. இதனால்தான் இரண்டு மூன்று நாட்களிலேயே தலையிட வேண்டும், மூன்று வாரம் காத்திருக்கக் கூடாது. உளவியலாளர் கிறிஸ்டோபர் கியர்னி கேட்கச் சொல்லும் கேள்வியின் சாரம் இது: பிள்ளை பள்ளியிலிருக்கும் எதையோ விட்டு விலகுகிறதா, அல்லது பள்ளிக்கு வெளியே இருக்கும் எதையோ நாடிப் போகிறதா? விலகுகிறது என்றால் பயத்தைச் சிறு சிறு அளவாகச் சந்திக்கப் பழக்க வேண்டும். முதல் நாள் ஒரு பாடவேளை, பிறகு அரை நாள், பிறகு முழு நாள். நாடிப் போகிறது என்றால் அந்த வழியை அடைக்க வேண்டும்.

பாதுகாப்புப் பொறுப்பாளர் என்பவர், பிள்ளைக்குத் தீங்கு நேர்கிறதோ என்ற சந்தேகம் எழும்போது எல்லாத் தகவலும் வந்துசேர வேண்டிய ஒரே இடம். மற்ற ஊழியர்கள் விசாரணை நடத்தக் கூடாது. அவர்கள் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான், ஆனால் பிசகக் கூடாது. பிள்ளை ஏதாவது சொல்ல வந்தால் கேளுங்கள். “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று சத்தியம் செய்யாதீர்கள். உதவக் கூடியவரிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்று பிள்ளையிடமே சொல்லிவிடுங்கள். “அப்பா அடித்தாரா?” என்று பதிலை வாயில் ஊட்டாதீர்கள், “என்ன நடந்தது?” போதும். பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே எழுதி, அன்றே ஒப்படையுங்கள்.

தலைமை ஆசிரியர் இதற்கெல்லாம் நேரமும் ஆளும் ஒதுக்குபவர். அவர் பத்து நிமிடம் ஒதுக்காவிட்டால் மேலே சொன்ன எதுவும் நடக்காது. பேருந்து ஓட்டுநர், காவலாளி, சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுபவர் ஆகியோரையும் விட்டுவிடக் கூடாது. ஒரு பிள்ளை தட்டைத் தொடாமல் எழுந்து போவதை முதலில் பார்ப்பவர் பரிமாறுபவர்தான்.

சுருக்கமாக: ஆசிரியர் வடிவத்தைக் காண்கிறார், அலுவலகம் உண்மையின் முதல் வார்த்தையைக் கேட்கிறது, நல அலுவலர் வீட்டைப் பார்க்கிறார், செவிலியரும் ஆலோசகரும் உள்ளே பார்க்கிறார்கள், தீங்கு என்ற சந்தேகம் ஒரே இடத்துக்குப் போகிறது.

## இழை அறுபடும் இடம்

ஒவ்வொருவரும் தன் வேலையைச் சரியாகச் செய்தும் பிள்ளை கைநழுவிப் போகும். ஒரு கற்பனை உதாரணம். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி மாதம் இரண்டு மூன்று நாள் வருவதில்லை. வகுப்பில் தூங்கி வழிகிறாள் என்பது ஆசிரியருக்குத் தெரியும். அவளுடைய அம்மாவின் பழைய எண் இப்போது வேலை செய்யவில்லை என்பது அலுவலகத்துக்குத் தெரியும். தலைவலி என்று அடிக்கடி வந்து படுக்கிறாள் என்பது செவிலியருக்குத் தெரியும். மதியச் சாப்பாட்டில் பாதியைப் பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போகிறாள் என்பது பரிமாறும் அம்மாவுக்குத் தெரியும்.

தனித்தனியாகப் பார்த்தால் சோம்பல், கவனக்குறைவு, சாக்கு, பழக்கம். நான்கையும் ஒரே மேசையில் வைத்தால் வீட்டில் யாரோ படுத்த படுக்கையாக இருக்கிறார்கள், இந்தப் பிள்ளைதான் பார்த்துக்கொள்கிறாள் என்று ஐயம் எழும். அப்போதுதான் நல அலுவலர் வீட்டுக்குப் போவார்.

நான்கையும் ஒரே மேசையில் வைக்க வாரம் ஒருமுறை கால் மணி நேரக் கூட்டம் போதும். கேட்க வேண்டியவை மூன்று: யாருடைய பெயர் திரும்பத் திரும்ப வருகிறது? அவரைப் பற்றி யாருக்கு என்ன தெரியும்? அடுத்த அடியை யார், எந்த நாளுக்குள் எடுப்பது? மூன்றாவது கேள்விக்கு ஒரு பெயரும் ஒரு தேதியும் எழுதப்படாத கூட்டம் வெறும் வருத்தப்படும் கூட்டமாகவே முடிந்துவிடும். “எல்லோரும் பார்த்துக்கொள்வோம்” என்பதற்கு யாரும் பார்க்கவில்லை என்றே பொருள்.

எல்லாத் தகவலையும் எல்லோருக்கும் சொல்ல வேண்டியதில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். வீட்டில் நோய் என்பது நல அலுவலருக்குத் தெரிந்தால் போதும். கணக்கு ஆசிரியருக்கு, “இரண்டு வாரம் வீட்டுப்பாடத்தில் நெருக்க வேண்டாம்” என்பது தெரிந்தால் போதும். பிள்ளையின் கதை ஆசிரியர் அறையில் பேச்சுக்குத் தீனியாகிவிடக் கூடாது.

## பரிசும் கடிதமும்

முழு வருகைக்குச் சான்றிதழ் கொடுத்தால் எல்லோரும் வருவார்கள் என்ற நம்பிக்கை உறுதியாக வேரூன்றியிருக்கிறது. கலிஃபோர்னியாவில் 15,000-க்கும் அதிகமான மாணவர்களை வைத்து நடந்து 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், வந்தால் விருது உண்டு என்று முன்கூட்டியே சொன்னதால் வருகை கூடவில்லை. முன்பு ஒழுங்காக வந்ததற்காக எதிர்பாராமல் விருது பெற்றவர்களின் வருகையோ, பெறாதவர்களைவிட அடுத்த மாதம் குறைந்தது. எதிர்பார்க்கப்பட்டதைவிட அதிகமாகவே வந்துவிட்டோம், இனி கொஞ்சம் விட்டுப்பிடிக்கலாம் என்ற செய்தியை அந்த விருது கொடுத்துவிட்டது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். தவிரவும், ஆஸ்துமா உள்ள பிள்ளை எவ்வளவு முயன்றாலும் அந்த மேடையில் ஏறாது.

அதைவிட எளிய ஒன்று பலன் தந்திருக்கிறது. ஃபிலடெல்ஃபியாவில் 28,000-க்கும் அதிகமான குடும்பங்களை வைத்து டாட் ராஜர்ஸ், அவி ஃபெல்லர் இருவரும் செய்த ஆய்வு 2018-இல் வெளியானது. உங்கள் பிள்ளை இதுவரை இத்தனை நாள் வரவில்லை என்று எண்ணைப் போட்டுச் சில கடிதங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். நாட்பட்ட வராமை சுமார் 10 விழுக்காடு குறைந்தது. பெற்றோர் அக்கறையற்றவர்களாக இல்லை. தங்கள் பிள்ளை எத்தனை நாள் இழந்திருக்கிறது என்பதைக் குறைவாகவே நினைத்திருந்தார்கள். மாதம் இரண்டு நாளை யார் கூட்டிப் பார்க்கிறார்கள்?

கடிதத்தால் எல்லாம் தீராது. பயத்தால் முடங்கிய பிள்ளைக்கும், பராமரிப்புச் சுமை சுமக்கும் பிள்ளைக்கும் ஆள் போக வேண்டும். ஆனால் கடிதத்தால் தீரக் கூடியவை கடிதத்தால் தீர்ந்தால், அந்த ஆளுக்குப் போக நேரம் கிடைக்கும்.

## திரும்பி வரும் காலை

மூன்று வாரம் கழித்து ஒரு பிள்ளை திரும்பி வருகிறது. வாசலில் “ஓ, வழி தெரிந்ததா?” என்று யாராவது கேட்டுவிட்டால் அத்தனை பேருடைய உழைப்பும் அந்த ஒரு வரியில் வீணாகிவிடும். அதனால் பிள்ளை வரப்போகிறது என்பது முந்தின நாளே காவலாளி முதல் கடைசிப் பாடவேளை ஆசிரியர் வரை தெரிந்திருக்க வேண்டும். காரணம் தெரிய வேண்டியதில்லை, வருகிறது என்பது தெரிந்தால் போதும்.

மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே வரச் சொன்னால் நிறைந்த வகுப்புக்குள் தனியாக நுழைய வேண்டிய தவிப்பு இருக்காது. அதன் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தால் அதை முந்தின நாளே சரிசெய்துவிட வேண்டும். விடுபட்ட எல்லாவற்றையும் எழுதச் சொல்லாமல், இன்றைய பாடம் புரிய எது வேண்டுமோ அந்த இரண்டு பக்கத்தை மட்டும் பக்கத்தில் இருக்கும் பிள்ளையைக் காட்டச் சொல்லலாம். பெயர் கூப்பிடும்போது அந்தப் பெயரில் நிறுத்தி நிமிர்ந்து பார்க்காமல், எல்லாப் பெயரையும் போலவே கூப்பிட்டு, “உள்ளேன்” என்ற குரல் வந்ததும் குறி போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போகலாம். பேச வேண்டியதை இடைவேளையில் பக்கத்தில் போய் மெதுவாகப் பேசிக்கொள்ளலாம்: “வந்துட்டியா? நல்லது. கணக்குல எங்க நிக்கிறோம்னு சொல்றேன், உட்காரு.”